சயின்ஸ் உனக்கு வேண்டாம்ப்பா

பார்வையில்லாத பிள்ளை எட்டாம் வகுப்பு முடித்து ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தில் ஒரு வசனம் பேசுவார்கள். "உனக்கு எதுக்கும்மா கணக்கு, சயின்ஸ் எல்லாம்? கஷ்டப்படுவ. வேற சப்ஜெக்ட் எடுத்துக்கோ, ரூல்லயே இடம் இருக்கு." சொல்கிற டீச்சர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே அந்தப் பிள்ளை மேல் பாசம் உள்ளவர்தான். ரூலிலும் இடம் இருக்கிறது. சி.பி.எஸ்.இ.யில் கணக்குக்கும் அறிவியலுக்கும் பதிலாக சங்கீதம், ஓவியம், மனையியல் என்று எடுத்துக்கொள்ளலாம். (ஓவியம்! பார்வையில்லாத பிள்ளைக்கு! யார் உட்கார்ந்து இந்தப் பட்டியல் போட்டார்களோ.) கர்நாடக எஸ்.எஸ்.எல்.சி.யிலும் மாற்றுப் பாடம் உண்டு.

எனக்குக் கோபமெல்லாம் இந்தப் பாசத்தின் மேல்தான். பதினாலு வயதில் ஒரு கதவை அன்பாகச் சாத்திவிட்டால், அதன் பின்னால் இருக்கிற எல்லாக் கதவும் தானாகச் சாத்திக்கொள்ளும். பத்தாவதில் அறிவியல் இல்லை என்றால் பிளஸ் டூவில் இல்லை. பிளஸ் டூவில் இல்லை என்றால் பி.எஸ்சி. இல்லை. பி.எஸ்சி. இல்லை என்றால் அறிவியல் பி.எட். இல்லை. நம் ஊரில் பார்வையற்ற ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், நீங்கள் பார்த்தவர்கள் என்ன பாடம் எடுத்தார்கள்? தமிழ், வரலாறு, ஆங்கிலம். பார்வையற்ற பிசிக்ஸ் சாரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. அந்த இடத்துக்கு விண்ணப்பிக்க ஆள் வேண்டுமே. ஒன்பதாம் வகுப்பிலேயே வடிகட்டிவிட்டு, பிறகு "தகுதியான ஆள் கிடைக்கவில்லை" என்று ஃபைலில் எழுதுவது நமக்குக் கை வந்த கலை.

கார்த்திக் சாஹ்னி என்று டெல்லிப் பையன் ஒருவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. பதினோராம் வகுப்பில் சயின்ஸ் வேண்டும் என்று சி.பி.எஸ்.இ.யிடம் போராடி வாங்கினார். 2013-ல் பன்னிரண்டாம் வகுப்பில் 96 சதவீதம் எடுத்தார். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் உட்கார அனுமதி கிடைக்கவில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு முழு உதவித்தொகையோடு கூப்பிட்டுக்கொண்டது. அப்போது அந்தச் செய்தியை நாம் எல்லாரும் ஃபார்வர்டு செய்து பெருமைப்பட்டோம். எதற்குப் பெருமை என்றுதான் எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏன் இப்படி நடக்கிறது? அரசாங்கம் சரியில்லை, பணம் இல்லை என்பதெல்லாம் பாதி உண்மை. என்னுடைய வாதம் வேறு. நம் நாட்டில் ஆசிரியரை உருவாக்குகிற வேலை மூன்று அறைகளில் நடக்கிறது, மூன்று அறைகளுக்கும் நடுவே கதவு கிடையாது. முதல் அறையில் சயின்ஸ் டிபார்ட்மென்ட். அங்கே இருக்கிற கெமிஸ்ட்ரி புரொஃபசருக்குப் பாடம் தெரியும், ஆனால் "எப்படிச் சொல்லிக்கொடுப்பது" என்பது பி.எட். காலேஜ்காரன் வேலை, தனக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சல். இரண்டாவது அறையில் கல்வியியல் டிபார்ட்மென்ட். பியாஜே, வைகாட்ஸ்கி எல்லாம் அங்கே மனப்பாடம். ஆனால் அந்தப் புரொஃபசர் கடைசியாக பியூரெட்டைத் தொட்டு இருபது வருடம் ஆகியிருக்கும். மூன்றாவது அறையில் சிறப்புக் கல்வி. அவர்களுக்கு பிரெய்ல் தெரியும், சைகை மொழி தெரியும். அறிவியல் பாடத்துக்குள் அவர்களைக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை.

இது ஏதோ தற்செயலாக நடந்தது என்று நினைக்காதீர்கள். சட்டமே அப்படி. சிறப்பு ஆசிரியர்களுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதற்கு 1992-ல் ஒரு சட்டம். மற்ற ஆசிரியர்களுக்கு என்.சி.டி.இ., அதற்கு 1993-ல் வேறொரு சட்டம். ஒரே வகுப்பில் உட்காரப்போகிற பிள்ளைகளுக்கான ஆசிரியர்களை இரண்டு கவுன்சில், இரண்டு பாடத்திட்டம், இரண்டு சான்றிதழ் என்று பிரித்து வைத்துவிட்டு, அப்புறம் "உள்ளடக்கிய கல்வி" என்று கருத்தரங்கு நடத்தினால் என்ன ஆகும்? பொன்னாடை போர்த்துவார்கள், மத்தியானம் சாப்பாடு நன்றாக இருக்கும்.

2014-ல் என்.சி.டி.இ. விதிகளை மாற்றியது. பி.எட். இரண்டு வருடம் ஆனது. "உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குதல்" என்று ஒரு தாள் வந்தது. அதுவும் முழுத் தாள் கூட இல்லை, அரைத் தாள். பரவாயில்லை, அரையாவது வந்ததே என்று சந்தோஷப்படலாம்தான். ஆனால் அதை நடத்துவது யார்? இரண்டாவது அறைக்காரர். அவர் குறைபாடுகளின் வகைகள், சட்டங்கள், கமிஷன்கள், மாநாடுகள் என்று நோட்ஸ் கொடுப்பார். பிசிக்ஸ் படித்துவிட்டு வந்த மாணவி அதை அப்படியே எழுதி பாஸ் செய்வாள். பக்கத்து வகுப்பில் அதே மாணவி "சயின்ஸ் மெத்தட்" பேப்பருக்கு தெர்மாகோலில் இருதயம் செய்து, சிவப்பும் நீலமும் பெயின்ட் அடித்து, ரெக்கார்டு நோட்டில் பார்டர் போட்டுக்கொண்டிருப்பாள். அந்த இருதயத்தைக் கையில் எடுத்துத் தடவிப் பார்க்கப்போகிற ஒரு பிள்ளை இருக்கிறது, அதற்குச் சிவப்பும் நீலமும் ஒன்றுதான், ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் ஒரு பக்கம் வழவழப்பாகவும் செய்தால் போதும் என்று அவளுக்கு யார் சொல்வது? இந்த பேப்பர் வேறு, அந்த பேப்பர் வேறு. எக்ஸ்டர்னல் எக்ஸாமினரும் வேறு.

இன்னொரு கூத்து சொல்கிறேன். என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அமிலம், காரம் பாடத்தை எடுத்துப் பாருங்கள். லிட்மஸ், ஃபீனால்ஃப்தலீனுக்குப் பக்கத்திலேயே வாசனை காட்டிகள் என்று ஒன்று வரும். வெங்காயம், வெனிலா, கிராம்பு எண்ணெய். நறுக்கிய வெங்காயத்தோடு ஒரு துணியை ராத்திரி மூடி வைத்து, காலையில் அதன் மேல் நீர்த்த அமிலத்தை விட்டால் வெங்காய வாசனை அப்படியே இருக்கும். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் வாசனை போய்விடும். கண் தேவையே இல்லை, மூக்கு இருந்தால் போதும்! லேப் உதவியாளர் கூட வேண்டாம், வீட்டுச் சமையலறையில் பாதி சாமான் இருக்கிறது. பார்வையில்லாத பிள்ளையும் பார்வையுள்ள பிள்ளையும் ஒரே மேஜையில் நின்று ஒரே சோதனையைச் செய்து ஒரே விடையைச் சொல்ல முடியும். அரசாங்கப் புத்தகத்திலேயே, வருடா வருடம் அச்சாகிக்கொண்டிருந்த விஷயம் இது. அதே புத்தகம் இருக்கிற பள்ளியில்தான் "உனக்கு வேண்டாம்மா" என்ற வசனமும் பேசப்படுகிறது.

கெமிஸ்ட்ரி புரொஃபசருக்கு வெங்காயத்தில் இருக்கிற சேர்மம் தெரியும். கல்வியியல் புரொஃபசருக்கு "பல்புலன் கற்றல்" என்ற சொல் தெரியும். சிறப்பாசிரியருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும். மூன்று பேரும் ஒரு நாள் சேர்ந்து காபி குடித்தால் முடிகிற காரியம்.

நான் கொஞ்ச காலம் பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்டப் போய்க்கொண்டிருந்தேன். (இந்த ஊர் சாஃப்ட்வேர்காரர்கள் பலர் செய்வதுதான், நான் ஒன்றும் பெரிய தியாகி இல்லை.) தங்கவயல் பக்கத்துப் பெண் ஒருத்தி, வீட்டில் தமிழ், பி.ஏ. பொருளாதாரம். பாடத்தில் தேவை வளைகோடு வந்தது. "விலை ஏறினா தேவை குறையும், கோடு இடதுபக்கம் மேல இருந்து வலதுபக்கம் கீழ வரும்" என்று எனக்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள். அட, நன்றாகப் புரிந்திருக்கிறதே என்றேன். "இல்லண்ணா, அது மனப்பாடம். கோடு எப்படி இருக்கும்னு தெரியாது. படம் வரையிற கேள்விக்கு எங்களுக்கு விலக்கு உண்டு, அதனால யாரும் சொல்லித் தரல" என்றாள். ஒரு அட்டை, ஃபெவிகால், கொஞ்சம் சணல் நூல். இரண்டு அச்சு, ஒரு சரிவுக் கோடு. காய்ந்ததும் விரலால் ஒரு தடவை மேலிருந்து கீழே தடவினாள், அப்புறம் கீழிருந்து மேலே. "இவ்வளவுதானாண்ணா?" என்றாள். பிறகு கேட்டாள் பாருங்கள் ஒரு கேள்வி: "சரிவு அதிகமா இருந்தா என்ன அர்த்தம்?" அடுத்த பாடமே அதுதான்! அந்தக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவர் அது சிறப்பாசிரியர் பொறுப்பு என்று விட்டிருந்தார். உதவிக்கு வருகிற சிறப்பாசிரியருக்குப் பொருளாதாரம் தெரியாது. ஐந்து ரூபாய் சணல் நூல் இரண்டு துறைகளுக்கு நடுவே யாரும் எடுக்காமல் கிடந்தது.

எல்லாவற்றுக்கும் பெரிய ஆராய்ச்சி வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் சிலவற்றுக்கு வேண்டும், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். காது கேளாத பிள்ளைகள் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியச் சைகை மொழிக்கு என்று டெல்லியில் ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் 2015-ல்தான் வந்தது. அவர்கள் அகராதி 2018-ல் 3000 சொல்லோடு ஆரம்பித்து 2021-ல் 10,000-க்கு வந்தது. 2020-ல் என்.சி.இ.ஆர்.டி.யோடு ஒப்பந்தம் போட்டுப் பாடப்புத்தகங்களைச் சைகை மொழிக்குக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். நல்ல வேலை. இதில் "உந்தம்", "முடுக்கம்", "திசைவேகம்" ஆகிய மூன்றுக்கும் குழப்பமில்லாமல் சைகை வைக்க வேண்டும் என்றால் பிசிக்ஸ் ஆளும், காது கேளாத சைகை மொழி ஆளும், வகுப்பெடுத்த ஆளும் ஒன்றாக உட்கார்ந்தே ஆக வேண்டும். ஒருவர் குறைந்தாலும் தப்பாகிவிடும். திசைவேகத்துக்கும் வேகத்துக்கும் ஒரே சைகை வைத்துவிட்டால் ஒரு தலைமுறையே தப்பாகப் படிக்கும்.

மொழி என்றதும் இன்னொன்று. உள்ளடக்கம் என்றால் சர்க்கர நாற்காலி படம் போட்ட போஸ்டர் மட்டும் இல்லை. பெங்களூரில் கட்டட வேலைக்கு வந்த நம் ஜனங்களின் பிள்ளைகள் கன்னட மீடியம் அரசுப் பள்ளியில் உட்கார்ந்திருக்கின்றன. கன்னடத்தில் அமிலம் "ஆம்ல", அது சமாளித்துவிடலாம். "க்ஷார" என்று டீச்சர் சொல்லும்போது தர்மபுரிப் பிள்ளைக்கு "காரம்" என்று காதில் விழுகிறது, மிளகாய் ஞாபகம் வருகிறது. தமிழிலும் அதே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்பதால் அங்கேயும் குழப்பம்தான். "சோப்புத் தண்ணி எப்படி மிஸ் காரமா இருக்கும்?" என்று பிள்ளை கேட்டால் வகுப்பு சிரிக்கும். ரொம்ப நியாயமான கேள்வி அது. அதை எதிர்பார்த்துத் தயாராக வரும் ஆசிரியை வேண்டும் என்றால், அறிவியல் தெரிந்தவரும் மொழி வழிக் கற்றல் தெரிந்தவரும் சேர்ந்து அவரைத் தயார் செய்திருக்க வேண்டும்.

இப்படிச் சேர்ந்து வேலை செய்வது நம் நாட்டில் நடக்கவே நடக்காது என்று சொல்பவர்களுக்கு: நடந்திருக்கிறது. 1972-ல் மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 பள்ளிகளில் ஒரு அறிவியல் திட்டம் தொடங்கியது. டெல்லி பல்கலைக்கழகத்து பிசிக்ஸ் ஆட்களும் டாடா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகளும் கிராமத்து வாத்தியார்களோடு தரையில் உட்கார்ந்து சோதனைகள் செய்தார்கள். கிட் செய்தார்கள், புத்தகம் எழுதினார்கள், வாத்தியார்கள் சொன்னதைக் கேட்டு மாற்றி எழுதினார்கள். பிறகு மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982-ல் ஏகலவ்யா என்ற அமைப்பே இதிலிருந்து பிறந்தது. முப்பது வருடம் ஓடியதை 2002-ல் அரசாங்கம் மூடியது. மூடினார்கள் என்பதைத்தான் ஊரெல்லாம் சொல்கிறார்கள், முப்பது வருடம் ஓடியதை யாரும் சொல்வதில்லை.

பெங்களூரிலிருந்து மூன்று மணி நேரத்தில் மைசூர். அங்கே 1963-லிருந்து மண்டலக் கல்வி நிறுவனம் இருக்கிறது, என்.சி.இ.ஆர்.டி.யுடையது. பிசிக்ஸ் புரொஃபசரும் கல்வியியல் புரொஃபசரும் ஒரே வளாகம், வளாகத்துக்குள்ளேயே செயல்முறைப் பள்ளி, நான்கு வருட பி.எஸ்சி.எட். தமிழ்நாட்டிலிருந்தும் நம் பிள்ளைகள் போய்ப் படித்திருக்கிறார்கள். அறுபது வருடத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள்! தென்னிந்தியா முழுமைக்கும் அப்படி ஒன்றை வைத்துவிட்டு, மீதி இடமெல்லாம் தெருவுக்குத் தெரு பி.எட். காலேஜ் திறக்க விட்டதுதான் நாம் செய்த காரியம். 2020 தேசியக் கல்விக் கொள்கை மேல் எனக்கு ஆயிரம் சண்டை உண்டு, ஆனால் ஆசிரியர் பயிற்சி நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்பாக, பல துறைகள் உள்ள நிறுவனத்தில் நடக்க வேண்டும் என்று அது சொல்வதில் சண்டை இல்லை. 2023-24-ல் 57 நிறுவனங்களில் முன்னோட்டமாக அதைத் தொடங்கினார்கள். என் பயம் என்னவென்றால், ஒரே காம்பவுண்டுக்குள் அதே மூன்று அறைகளைக் கட்டிவிட்டு "ஒருங்கிணைந்த" என்று போர்டு மாட்டிவிடுவார்கள். பட்டம் ஒன்றானால் போதாது. ஒரே வகுப்பில் இரண்டு துறை ஆசிரியர்கள் சேர்ந்து நிற்க வேண்டும், சேர்ந்து மார்க் போட வேண்டும். அதற்கு யு.ஜி.சி. வேலைப்பளு கணக்கில் இடம் வேண்டும். இப்போதைய கணக்கில் ஒரு மணி நேர வகுப்பை இரண்டு பேர் எடுத்தால் யாருக்கு ஒரு மணி நேரம் என்று ஆபீசில் சண்டை வரும். பெரிய லட்சியங்கள் எல்லாம் இந்த மாதிரி அற்ப இடத்தில்தான் சாகின்றன.

பெங்களூரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டியில் ஐ.ஐ.ஐ.டி. அங்கே டிஜிட்டல் சொசைட்டி முதுகலையில் தங்கப் பதக்கம் வாங்கியவர் வித்யா. ஊர் இங்கே அத்திபெலே பக்கம், ஓசூர் எல்லை. பார்வையில்லாதவர், கணக்கைப் பிடிவாதமாகப் படித்தவர். அவரும் சுப்ரியா டேயும் ஐ.ஐ.ஐ.டி. பேராசிரியர் அமித் பிரகாஷும் சேர்ந்து விஷன் எம்பவர் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பார்வையற்றோர் பள்ளி ஆசிரியர்களுக்கே கணக்கும் அறிவியலும் எப்படி நடத்துவது என்று பயிற்சி, தொட்டுப் பார்க்கிற படங்கள், விலை குறைந்த பிரெய்ல் வாசிப்புக் கருவி என்று போகிறது வேலை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அறிவியல் கிடைக்காத கஷ்டத்தை அனுபவித்தவரே பயிற்சியை வடிவமைக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பது. ஆனால் ஒரு தொண்டு நிறுவனம் எத்தனை பள்ளிக்குப் போகும்? ஆசிரியர் வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொடுப்பதை, ஆசிரியர் ஆவதற்கு முன்பே பி.எட்.டில் கொடுத்திருக்க வேண்டியது பல்கலைக்கழகங்களின் கடமை. தொண்டு நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று அவர்கள் கையைக் கழுவினால், இதுவும் பழைய பாசத்தின் புது வடிவம்தான்.

"நாற்பது பேர் வகுப்பில் ஒரு பிள்ளைக்காக இதெல்லாம் முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் ஆசிரியர்கள் மேல் பாரத்தை ஏற்றச் சொல்லவில்லை. ஆனால் வெங்காயச் சோதனையை நாற்பது பேரும்தான் செய்யப்போகிறார்கள். சொரசொரப்பான இருதயம் நாற்பது பேருக்கும் நன்றாகவே புரியும். சிறப்புப் பள்ளிதான் நல்லது என்று சொல்பவர்களிடமும் எனக்குப் பகை இல்லை. சின்ன வயதில் பிரெய்லும் நடமாட்டப் பயிற்சியும் அங்கே கிடைப்பது போல் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் அங்கேயும் அறிவியல் சொல்லித்தர ஒருவர் வேண்டுமே, அவர் எந்த அறையிலிருந்து வருவார்?

இனி நம்மைப் பற்றி. ஊரை விட்டு வந்த நாம் இருக்கிறோமே, நமக்கும் இதில் பங்கு உண்டு. நியூ ஜெர்சியிலும் டாலஸிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் வருடா வருடம் வந்து "அங்க எல்லாம் ஸ்கூல்ல ஐ.இ.பி. போட்டுக் குடுப்பாங்க, என்னமா கவனிக்கிறாங்க தெரியுமா" என்கிறார்கள். உண்மைதான். அந்தச் சட்டம் 1975-ல் வந்தது. அதற்கு முன்னால் பென்சில்வேனியாவில் பெற்றோர்கள் சங்கமாகச் சேர்ந்து கோர்ட்டுக்குப் போய் வழி திறந்தார்கள். அங்கே போய் அதன் பலனை அனுபவிக்கிற நாம் இங்கே என்ன செய்கிறோம்? அபார்ட்மென்ட் வாட்ஸப்பில் "அந்த மாதிரிப் பசங்க ஒரே கிளாஸ்ல இருந்தா போர்ஷன் முடியாது" என்று டைப் அடிக்கிறோம். தமிழில், இங்கிலீஷில், சமயத்தில் கன்னடத்திலும். ஸ்கூல் அட்மிஷனுக்குப் போகும்போது நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்கிறோம். உங்கள் சயின்ஸ் டீச்சருக்கு பிரெய்ல் கிராஃப் தெரியுமா என்று ஒருவராவது கேட்டிருக்கிறோமா? பெற்றோர் கேட்காததைத் தனியார் பள்ளி தானாகச் செய்யாது. நீச்சல் குளம் வந்தது நாம் கேட்டதால்தான்.

படித்த பள்ளிக்கு நன்கொடை என்றால் உடனே ஸ்மார்ட் போர்டு. கண்ணால் மட்டும் பார்க்கிற ஒரு சாமானுக்கு லட்சக்கணக்கில் கொடுத்து, திறப்பு விழாவில் நம் பெயரைக் கல்லில் வெட்டிக்கொள்கிறோம். அந்தப் பணத்தில் கால்வாசி இருந்தால், பக்கத்து ஊர் அரசுக் கல்லூரி கெமிஸ்ட்ரி துறை, பக்கத்து பி.எட். கல்லூரி, வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் மூன்று தரப்பையும் கோடை விடுமுறையில் பத்து நாள் ஒரே லேபில் உட்கார வைக்கலாம். பயணப்படி, சாப்பாடு, வெங்காயம், சணல் நூல். அந்தப் பத்து நாளுக்குப் பார்வையில்லாத, காது கேளாத மாணவர்கள் நான்கு பேரையும் கூப்பிட வேண்டும், உட்கார்ந்து கைதட்ட இல்லை, "இது புரியலை சார்" என்று சொல்ல. அவர்களுக்கும் ஒரு நாள் சம்பளம் கொடுக்க வேண்டும்.

கல்லில் பெயர் வெட்ட இதில் இடம் கிடையாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன் :-)

பி.கு.: தாமிரபரணிக் கரையில் ஒரு அரசு உதவிபெறும் கல்லூரியின் கெமிஸ்ட்ரி ஆசிரியர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "நாங்க ரெடி சார், ஆனா பி.எட். காலேஜ்காரங்க எங்களைக் கூப்பிட மாட்டாங்க" என்றார். பி.எட். கல்லூரியில் இருக்கிற என் தோழியிடம் கேட்டேன். "நாங்க கூப்பிட்டா அவங்க வருவாங்களா?" என்றார். இரண்டு கல்லூரிக்கும் நடுவே ஒரு டவுன் பஸ் ஸ்டாப்தான்.